வானூர் செம்மண் மேட்டில் பொதுத் தோட்டம்: வறட்சி தாங்கும் நாட்டுச் செடிகளைக் கொண்டு மீட்பது எப்படி?

செம்புறைமேடு எழுதியது:

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள எங்கள் மனைப்பிரிவில், பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் சுமார் 40 சென்ட் இருக்கிறது. மனைகள் விற்ற காலத்தில் ஒப்பந்ததாரர் ஒருவர் அதில் கொரியப் புல் பதித்து, ஓரங்களில் குல்மோகரும் கோனோகார்பஸும் நட்டு, நடுவில் பெயருக்குச் சில நாட்டு மரக்கன்றுகளையும் வைத்துக் கொடுத்தார். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியதும் புல் கருகியது, அந்த நாட்டு மரக்கன்றுகளும் காய்ந்தன. கவனிப்பார் இல்லாமல் போன பிறகு மேற்குப் பாதி முழுவதும் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில், கிழக்குச் சரிவின் மேல்மண் அரித்துக்கொண்டு போய், இப்போது பல இடங்களில் அடியிலிருந்த கெட்டியான செம்புறாங்கல் வெளியே தெரிகிறது.

குடியிருப்போர் சங்கம் இந்த ஆண்டு இதைச் சீர்செய்ய முடிவெடுத்திருக்கிறது. மறுபடியும் தண்ணீருக்கு லாரியை நம்பியிருக்கும் பூங்கா வேண்டாம், இந்த மண்ணுக்குரிய வறட்சி தாங்கும் செடிகளே வேண்டும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதை நடுவது, ஏற்கெனவே நிற்கும் பெரிய மரங்களை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மழைமானி எழுதியது:

செடிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு நீரின் போக்கை முதலில் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர். உங்கள் 40 சென்ட் என்பது ஏறத்தாழ 1,600 சதுர மீட்டர். 50 மி.மீ. பெய்யும் ஒரு நல்ல ஐப்பசி மழையில் அந்த நிலத்தின் மேல் விழுவது 80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் ஆறேழு லாரித் தண்ணீர். அதில் பெரும்பகுதி சரிவில் ஓடிச் சாலைச் சாக்கடையில் சேர்கிறது என்றால், கோடையில் செடி வாடுவதற்கு மழைக் குறைவைக் காரணம் சொல்வதில் பொருளில்லை.

ஃபெஞ்சலின்போது உங்களுக்கு அருகில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குப் பதிவானது. மாறாக 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்தே 168 மி.மீ.தான், வழக்கமான அளவு 440 மி.மீ. இந்த இரண்டு முனைகளையும் தாங்கும்படி நிலத்தைச் செதுக்க வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாயைக் கொண்டு ஒரே உயரப் புள்ளிகளைக் குறித்து, சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்புகளை முழங்கால் உயரத்துக்கு மிகாமல் போடுங்கள். வரப்பின் மேல்பக்கம் ஒரு முழ ஆழத்தில் பள்ளம் இருக்கட்டும். ஒவ்வொரு வரப்பிலும் மிகைநீர் வழிய ஓரிடத்தைக் கல் பரப்பி விட வேண்டும். அதை விட்டுவிட்டால் ஃபெஞ்சல் போன்ற மழையில் மேல் வரப்பு உடையும்போது கீழுள்ளவை எல்லாம் வரிசையாக உடையும். அரித்துப்போன ஓடையைப் பொறுத்தவரை, அதன் அடிமுனையில் ஒரு பெரிய அணை கட்டுவதைவிடத் தலைமாட்டிலிருந்து சிறுசிறு கல் தடுப்புகள் வைத்துக்கொண்டு வருவதே மேல்.

இந்த வேலைகள் ஆவணி, புரட்டாசிக்குள் முடிய வேண்டும். நடவு அதற்குப் பிறகுதான்.

கோயில்காடு எழுதியது:

மழைமானி சொன்னதற்கு உங்கள் வட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலம் மரமற்ற செம்மண் பொட்டலாகவும், மழைநீர் அறுத்த பள்ளங்களாகவும் கிடந்தது. அங்கே வந்தவர்கள் கன்று நட்டதோடு நிற்காமல், ஓடும் நீரைத் தடுக்க வரப்புகள் போட்ட பிறகே பசுமை நிலைத்தது.

அடுத்தது, எதைப் பார்த்து நடுவது என்ற கேள்வி. கோரமண்டல் கரைக்கென்று ஒரு காடு உண்டு. நூல்களில் அதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று குறிப்பிடுவார்கள். உயரம் குறைவு, இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை, வெயில் காலத்திலும் பச்சை மாறாது. அந்தக் காட்டில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஐயனார், அம்மன் கோயில்களைச் சுற்றியுள்ள காடுகளில்தான். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்கு ஒருமுறை சங்கத்தாருடன் சென்று, தலையை உயர்த்திப் பார்ப்பதற்கு முன் முழங்கால் உயரத்தில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். பாலை, வீரை, காயா ஆகிய மரங்களின் கன்றுகள் காரை, களா, சூரை போன்ற முட்செடிகளின் மடியில்தான் முளைத்து நிற்கும். ஆடு மாட்டின் வாயிலிருந்தும், உச்சி வெயிலிலிருந்தும் அவற்றைக் காப்பது அந்த முட்புதர்களே. பாவட்டை, தேரணி, காட்டு எலுமிச்சை, ஆதண்டைக் கொடி, பிரண்டை எல்லாம் இடையடுக்கில் இருக்கும்.

பெரும்பாலான பூங்காக்களில் இந்த இடையடுக்கையே முதலில் வெட்டித் தள்ளிவிட்டு, அடியைக் கூட்டிப் பெருக்கி, மரத்தை மட்டும் தனியே நிறுத்துகிறார்கள். வறட்சி தாங்கும் திறன் ஒற்றைச் செடிக்குள் மட்டும் இருப்பதன்று. நிழல் விழும் மண், உதிர்ந்த இலை, வேர்ப் பின்னல் எல்லாம் சேர்ந்து கொடுப்பது அது. உங்கள் ஒப்பந்ததாரர் நட்ட நாட்டு மரக்கன்றுகள் காய்ந்ததற்கு, புல்வெளியின் நடுவே திறந்த வெயிலில் தனித்தனியே நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எதிர்வீடு எழுதியது:

நானும் இதே போன்ற ஒரு மனைப்பிரிவில் பூங்காவுக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். காரை, களா, சூரை என்று நீங்கள் சொல்வதெல்லாம் முள். குழந்தைகள் ஓடியாட வேண்டிய இடத்தில் முட்புதரை வளர்த்தால் மாலையில் அங்கே யார் வருவார்கள்? புதர் என்றால் பாம்பு என்ற அச்சத்தைப் பேசாமல் ஒதுக்கிவிடவும் முடியாது. வயதானவர்களுக்கு நடைபாதையும், உட்கார நிழலும், விளக்கும் வேண்டும். பொதுத் தோட்டம் என்பதில் ‘பொது’ என்ற பாதியை விட்டுவிட்டு வெறும் தாவரவியல் பேசினால், இரண்டே ஆண்டில் குடியிருப்பவர்களே ஜே.சி.பி.யை வரவழைத்து எல்லாவற்றையும் வழித்துவிடுவார்கள். எங்கள் பகுதியில் அப்படித்தான் நடந்தது.

குல்மோகரையும் வெட்டச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். இருக்கிற நிழலையும் இழந்துவிட்டுப் பத்தாண்டு காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கோயில்காடு எழுதியது:

எதிர்வீடு அவர்களின் கருத்தில் பாதியை முழுமையாக ஏற்கிறேன். குல்மோகரை வெட்டச் சொல்ல மாட்டேன். அது மடகாஸ்கரிலிருந்து வந்த மரம்தான். ஆனாலும் நிற்கும் நிழல் ஒரு முதலீடு. காயாவும் காட்டு எலுமிச்சையும் இளமையில் நிழலை விரும்புபவை. அவற்றைக் குல்மோகருக்கு அடியில், தூரிலிருந்து சற்றுத் தள்ளி நட்டால், வேற்று மரமே நாட்டு மரத்துக்குத் தாதியாக இருக்கும். ஆரோவிலில் ஆஸ்திரேலிய அகேசியாக்களை இப்படித்தான் முன்னோடி மரங்களாக நட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அந்த அகேசியாக்கள் பெருமளவில் சாய்ந்தன. அவற்றின் நிழலில் வளர்ந்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. உங்கள் குல்மோகரும் ஒருநாள் காற்றில் முறியக்கூடிய மரமே. அதுவரை அதனிடம் வேலை வாங்கிக்கொள்ளுங்கள். நடைபாதையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை மட்டும் மழைக்கு முன் கவாத்து செய்தால் போதும்.

கோனோகார்பஸ் வேறு கதை. அதை நடுவதற்குத் தமிழ்நாடு அரசே 2025-இல் தடை விதித்திருக்கிறது. அதைக் கட்டங்கட்டமாக எடுத்துவிடலாம். ஆனால் பொது நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு முன் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

பாம்பைப் பற்றி: எலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாம்பு வரும். தோட்டத்து மூலையில் உணவுக் கழிவும் கட்டட இடிபாடும் குவிந்திருந்தால் புதரே இல்லாவிட்டாலும் வரும். நடைபாதையின் இருபுறமும் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த செடிகள் மட்டும் இருக்கட்டும். முட்செடிகளை வேலியோரத்திலும், குழந்தைகள் நுழையாத உள்வட்டத்திலும் வையுங்கள். விளையாட்டு இடத்தை வெறும் மண்ணாகவே விடலாம். புல் இல்லாவிட்டால் விளையாட முடியாது என்பதைக் கபடி ஆடுபவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

செம்புறைமேடு எழுதியது:

பதில்களுக்கு நன்றி. நேற்றைய சங்கக் கூட்டத்தில் புதிய யோசனை ஒன்று வந்தது. ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து மியாவாக்கி முறையில் முழு நிலத்தையும் அடர்காடாக மாற்றித் தர முன்வந்திருக்கிறது. மூன்றாண்டில் காடு என்ற வாக்குறுதி பலரை ஈர்த்துள்ளது. இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

மழைமானி எழுதியது:

மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கன்றுகள் வரை நடுவார்கள். உங்கள் நிலம் முழுவதற்கும் என்றால் குறைந்தது 4,800 கன்றுகள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அவை அனைத்துக்கும் தவறாமல் நீர் பாய்ச்ச வேண்டும். ஆழ்துளைக் கிணறு கைவிட்டதால்தானே இந்த விவாதத்தையே தொடங்கினீர்கள்?

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி தம் நாட்டின் மழைவளத்துக்கும் அந்நிலத்துக்குரிய காட்டுக்கும் ஏற்ப வகுத்த முறை அது. அதைக் குறை சொல்லவில்லை. சென்னை மாநகராட்சி 2020 முதல் கோட்டூர்புரம் போன்ற இடங்களில் செய்து காட்டியிருக்கிறது; நெரிசலான நகரில் சிறு துண்டு நிலத்தைப் பசுமையாக்க அது உதவலாம். ஆனால் வெயிலும் வெளியும் கலந்து கிடக்கும் உங்கள் செம்மண் மேட்டில், அவ்வளவு நெருக்கமாக நட்டால் செடிகள் வெளிச்சத்துக்காக ஒல்லியாக உயர்ந்து ஒன்றோடொன்று போட்டியிடும். ஆவாரை, விராலி போன்ற வெயில் விரும்பிகளுக்கு அதில் இடமே கிடைக்காது. நடைபாதைக்கும் இடம் மிஞ்சாது என்பதால் எதிர்வீடு அவர்களின் கவலை இரட்டிப்பாகும்.

நிறுவனத்தின் பணம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அதே நிதியை வரப்பு, வேலி, மூன்றாண்டுப் பராமரிப்பாளர் சம்பளம் ஆகியவற்றுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால், அவர்களுக்கு வேண்டியது திறப்பு விழாப் புகைப்படம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஊராட்சிக்கணக்கு எழுதியது:

ஒரு நடைமுறைச் செய்தியை யாரும் தொடவில்லை. மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கும் 10 சதவீத நிலம் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படுவது. ஆகவே அந்த நிலம் ஊராட்சிக்குச் சொந்தமானது, சங்கத்துக்கு அன்று. தீர்மானம் இல்லாமல் நீங்கள் வரப்பு போட்டால், நாளை அதே இடத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியோ வேறு கட்டடமோ வரும்போது கேள்வி கேட்க இயலாது. தானப்பத்திரத்தின் நகலை முதலில் தேடி எடுத்து, புல எண்ணையும் எல்லைக்கற்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டில் ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தோட்டத்தின் வரைபடத்தோடு மனு கொடுத்துத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டால் மழைக்கு முன் வேலையை முடிக்கலாம். அக்டோபர் 2 வரை தள்ளினால் நடவுக் காலம் நெருக்கும். சீமைக் கருவேலத்தை அகற்றுவதில் பெரும்பாலும் எதிர்ப்பு இராது. உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்கும் 2022-இன் அரசுக் கொள்கைக்கும் பிறகு அது எல்லா ஊராட்சிகளுக்கும் தெரிந்த செய்திதான். வெட்டிய விறகை யார் எடுப்பது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

நாற்றங்கால் எழுதியது:

பல ஆண்டுகளாக நாட்டுச் செடி நாற்றங்கால் நடத்துபவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் அறுத்தால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே, வேர்க்கழுத்துப் பகுதியில் இருக்கின்றன. கடப்பாரையால் சுற்றிலும் தோண்டி, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே வேரை வெட்டி, அந்தக் கட்டையை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். ஜே.சி.பி. வைத்தால் விரைவில் முடியும். ஆனால் மேல்மண் புரண்டு, மண்ணுக்குள் உறங்கும் விதைகள் எல்லாம் மேலே வரும். மேற்குப் பாதி முழுவதையும் ஒரே மூச்சில் வெறுமையாக்கவும் வேண்டாம். பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த இடத்தில் அதே பருவத்தில் நடுங்கள். இல்லையேல் கிழக்குச் சரிவுக்கு நேர்ந்ததுதான் மேற்குக்கும் நேரும்.

வெட்டிய முட்கிளைகளை எரித்துவிடாதீர்கள். நெற்றுகளை உதிர்த்துவிட்டு, ஒவ்வொரு கன்றையும் சுற்றிப் படலாக வையுங்கள். கம்பிக் கூண்டுக்கு ஆகும் செலவு மிச்சம். ஆடு கிட்டே வராது. இரண்டு கோடையில் முள் மக்கிவிடும், அதற்குள் கன்றும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எல்லையோரத்தில் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி உயிர்வேலி அமையுங்கள். அதை ஒட்டி நொச்சியும் ஆடாதொடையும் இருந்தால், அவற்றை ஆடு கடிப்பதில்லை என்பதால், இரண்டாவது அரண் கிடைக்கும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நெகிழிப்பையை ஓரமாகக் கிழித்து வேரைப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியில் சுருண்டு மோதிரம் போல் சுற்றியிருந்தால், அந்தக் கன்று ஆறடி உயரம் இருந்தாலும் செம்புறையில் ஆழம் இறங்காது. வறண்ட ஆண்டு ஒன்றில் திடீரென்று காயும். முழங்கை உயரத்தில், வேர் சுருளாத கன்றே நல்லது. பாலையும் வீரையும் மெதுவாக வளர்பவை. விற்பனைக்குக் கிடைப்பது அரிது என்பதால், முன்கூட்டியே நாற்றங்காலில் சொல்லி வைத்தால்தான் உண்டு.

எதிர்வீடு எழுதியது:

படல் யோசனை நன்றாக இருக்கிறது. நடைபாதையை ஒட்டி மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள். முள்ளைப் பற்றிய என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது என்றாலும், உள்வட்டத்தில் வைப்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நாட்டுச் செடி என்றால் தண்ணீரே வேண்டாம் என்று கூட்டங்களில் பேசிப் பணம் திரட்டுகிறார்கள். உண்மையிலேயே வேண்டாமா? பங்குனி, சித்திரையில் யார் வாளி தூக்குவது?

நாற்றங்கால் எழுதியது:

வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு நட்ட தோட்டங்கள்தான் பெரும்பாலும் முதல் கோடையிலேயே போகின்றன. வேர் ஆழத்துக்குப் போகும் வரை எந்தச் செடியும் குழந்தைதான். ஐப்பசியில் நட்டால் கார்த்திகை வரை மழை பார்த்துக்கொள்ளும். தை முதல் ஆடி வரை முதல் ஆண்டில் வாரம் ஒருமுறையாவது நீர் தேவை. இரண்டாம் ஆண்டில் கடுங்கோடையில் மட்டும், அதையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்த வேண்டும். அன்றாடம் கொஞ்சம் தெளிப்பது தீமை செய்யும். வேர் மேலேயே தங்கிவிடும்.

இதற்குப் பானைப் பாசனம் போல் எளிய வழி இல்லை. குயவரிடம் வாங்கிய, மெருகு பூசாத மண்பானையைக் கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, நீர் நிரப்பி, கொசு நுழையாதபடி மூடி போட்டுவிட்டால், பானையின் சுவர் வழியே ஈரம் மெல்லக் கசியும். மேலே உதிர்ந்த இலையால் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு. தண்டை ஒட்டி மட்டும் மூடாக்கு வேண்டாம். செம்மண்ணில் கரையான் அதன் வழியே ஏறும். ஒரு தெருவுக்குச் சில பானைகள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் யார் வாளி தூக்குவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். தங்கள் பானை காய்ந்திருப்பது எதிர்வீட்டுக்குத் தெரியும் என்பதே போதுமான கண்காணிப்பு!

செம்புறைமேடு எழுதியது:

மியாவாக்கித் திட்டத்தை முழு நிலத்துக்கும் ஏற்பதில்லை என்றும், அந்த நிறுவனத்திடம் வரப்புக்கும் பராமரிப்புக்கும் நிதி கேட்பது என்றும் சங்கத்தில் முடிவாகியுள்ளது. ஊராட்சிக்கு மனு தயாராகிறது. இந்த ஆண்டு கிழக்குச் சரிவை வரப்பிட்டு நடுவது. மேற்கில் முதல் பட்டையை மட்டும் எடுப்பது. விளையாட்டு இடமும் நடைபாதையும் எங்கே என்று சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்விகள். கோயில் காட்டிலிருந்து கன்றுகளைப் பெயர்த்துக்கொண்டு வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வரப்புகளின் மேல் உடனடியாகப் பிடிக்க ஆவாரை விதையை நேரடியாகத் தூவலாமா?

கோயில்காடு எழுதியது:

கன்றைப் பெயர்க்கவே கூடாது. அங்கே கிளை ஒடிப்பதற்குக்கூட அஞ்சி ஊரார் காத்து வந்ததால்தான் அந்தக் காடு மிஞ்சியிருக்கிறது. கோயில் நிர்வாகத்திடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு, பாதையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை மட்டும் கொஞ்சம் பொறுக்கி வரலாம். வீரை, பாலை விதைகளைச் சதையை நீக்கிக் கழுவி உடனே விதைக்க வேண்டும். எடுத்து வைத்தால் முளைப்பு குறையும். ஒரே மரத்தடியில் பொறுக்காமல் பல மரங்களிலிருந்து எடுத்தால் நல்லது.

நாற்றங்கால் எழுதியது:

ஆவாரையைத் தாராளமாகத் தூவலாம். விதைத்தோல் கடினமானது, கொதித்து இறக்கிய நீரில் போட்டு, அப்படியே இரவு முழுவதும் ஊறவிட்டு, உப்பியவற்றை மறுநாள் விதையுங்கள். உப்பாதவற்றை இன்னொரு முறை அதேபோல் ஊற வைக்கலாம். வரப்பின் உச்சியில் தூவாமல், பள்ளத்தை நோக்கிய சரிவில் விரலால் கோடு கிழித்து அதில் போட்டு மண் தள்ளுங்கள். முதல் மழையில் அடித்துக்கொண்டு போகாது. இடையிடையே கொழுஞ்சி விதையையும் கலந்துகொண்டால் ஆவாரை எழும் வரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். விதைக்கும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு நல்ல மழைக்குப் பிறகு மண்ணை ஒரு சாண் தோண்டிப் பார்த்து, அடியிலும் ஈரம் இருந்தால் அன்றே விதையுங்கள்.